இன்வர்கார்கில் கொட்டகையும் 1920 ஆம் ஆண்டு ஸ்கவுட்டும்

கேள்வி இதுதான்: பொறியியல் படிக்காத ஒரு சிறுநகர மெக்கானிக், எந்தக் கம்பெனியின் ஆதரவும் இல்லாமல், தன் கொட்டகையிலேயே பாகங்களைச் செய்து, நாற்பது ஆண்டுக்கு மேல் பழசான மோட்டார்சைக்கிளோடு அமெரிக்காவுக்குப் போய்ச் சாதனை படைத்தார் என்று நியூசிலாந்தின் பர்ட் மன்ரோவைப் பற்றிச் சொல்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சினிமா? உண்மை என்றால் அது எப்படி முடிந்தது?

பெரும்பகுதி உண்மைதான். இரண்டு திருத்தங்களை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, அவர் பிடித்தது உலகத்தின் அதிவேக மோட்டார்சைக்கிள் என்ற இடத்தை அன்று. எஞ்சின் கொள்ளளவை வைத்துப் பிரிக்கப்பட்ட வகைகளில் தன் வகைக்குரிய சாதனையைத்தான் அவர் பிடித்தார். 1966 ஆகஸ்டில், மன்ரோ ஓடிய அதே பான்வில் உப்புச் சமவெளியில், பாப் லெப்பன் என்பவர், இரண்டு டிரையம்ப் எஞ்சின்கள் பூட்டிய ஜைரோனாட் என்ற வண்டியில் மணிக்கு 245.667 மைல் ஓடிவிட்டார். மன்ரோவின் வேகம் அதற்கு வெகு கீழே. இரண்டாவது, ஓய்வுக்குப் பிறகு ஆசைப்பட்டுக் கிளம்பிய ஒரு கிழவரின் திடீர் வெற்றி இது என்ற எண்ணம் தவறு. அவர் அமெரிக்காவில் ஓடிய நாளுக்கு முன்னால் ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள் அந்த ஒரே வண்டியைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் சாதனை மாயம்போலத் தெரியும். அவற்றைக் கணக்கில் சேர்த்தால் ஒவ்வொரு மைலுக்கும் காரணம் சொல்ல முடியும்.

ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ 1899 மார்ச் 25 அன்று பிறந்தார். நியூசிலாந்தின் தென்தீவில், அண்டார்டிக் கடலை நோக்கிய சவுத்லாந்து வட்டாரம். அதன் தலைநகரம்தான் இன்வர்கார்கில். அங்கிருந்து கிழக்கே உள்ள ஈடன்டேல் என்ற ஊரில், குடும்பத்துப் பண்ணையில் அவர் வளர்ந்தார். இரட்டைக் குழந்தைகளில் ஒருவர். உடன்பிறந்த பெண்குழந்தை பிறப்பிலேயே இறந்தது. இந்தப் பிள்ளையும் இரண்டு வயதைத் தாண்டாது என்று மருத்துவர்கள் சொன்னதாகக் குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். பண்ணையில் இருந்த குதிரைகளில் எது வேகமானதோ அதன்மேல் ஏறிப் பறப்பதும், அதற்காகத் தகப்பனாரிடம் திட்டு வாங்குவதும்தான் இளமைக்கால வழக்கம். முதல் உலகப் போர் முடிந்த பிறகு ஓட்டிரா ரயில் சுரங்கப்பாதை வேலையில் சில காலம் இருந்துவிட்டு, தகப்பனார் வாங்கிய புதிய பண்ணைக்காகத் திரும்பி வந்தார். முதலில் டக்ளஸ், பிறகு பக்கவண்டி பூட்டிய கிளைனோ ஆகிய மோட்டார்சைக்கிள்களை வாங்கினார். கிளைனோவின் பக்கவண்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, 1919 இல் இன்வர்கார்கிலுக்கு அருகே ஃபோர்ட்ரோஸ் பந்தயச் சுற்றில் ஓடியதே அவருடைய பந்தய வாழ்க்கையின் தொடக்கம். தேவையில்லாததைக் கழற்று என்ற பாடத்தை அவர் அங்கேயே படித்துவிட்டார்.

1920 இல் ஒரு புத்தம்புது இந்தியன் ஸ்கவுட்டை வாங்கினார். பெயரைப் பார்த்து நம் நாட்டோடு முடிச்சுப் போட வேண்டாம். இந்தியன் என்பது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த கம்பெனி, பெயர் அந்நாட்டுப் பழங்குடியினரைக் குறிப்பது. ஸ்கவுட்டை வடிவமைத்தவர் அயர்லாந்துக்காரரான சார்லஸ் ஃபிராங்க்ளின். 42 பாகைக் கோணத்தில் பிரிந்த இரட்டை சிலிண்டர், 600 சிசி, பக்கவாட்டு வால்வு, மூன்று கியர், சுமார் 18 குதிரைத்திறன். எஞ்சினிலிருந்து கியர்பெட்டிக்குச் சங்கிலி போடாமல் பல்சக்கரங்களாலேயே இணைத்திருந்தது அந்தக் காலத்தில் அரிய அமைப்பு. பின்சக்கரத்துக்கு மட்டுமே பிரேக். பின்பக்கம் ஸ்பிரிங் என்ற பேச்சே இல்லை. வேகம் மணிக்கு 55 மைல், அதாவது 89 கிலோமீட்டர் வரை போகும். சாமானிய மனிதன் வேலைக்குப் போய்வர நல்ல, உறுதியான வண்டி. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்த்து ஃபிராங்க்ளின் அதைச் செய்யவில்லை.

1926 முதல் மன்ரோ அந்த வண்டியில் கைவைக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அவர் கையை எடுக்கவில்லை. நடுவே ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் வட்டாரப் பந்தயங்களில் ஓடினார். பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் பண்ணைக்கே திரும்பினார். பிறகு இன்வர்கார்கிலில் மோட்டார்சைக்கிள் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் வேலை. பகலெல்லாம் கடையில் அடுத்தவர் வண்டி, இரவெல்லாம் கொட்டகையில் தன் வண்டி.

இனி, எப்படி முடிந்தது என்ற கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஒரு சின்னக் கணக்கைப் போட்டால் எவ்வளவு பெரிய மலையை அவர் ஏற வேண்டியிருந்தது என்பது புரியும். வேகம் கூடக்கூடக் காற்றுதான் முதல் எதிரி. காற்றை வெல்லத் தேவையான குதிரைத்திறன் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்காக வேண்டும், மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. 55 மைல் ஓடிய வண்டியை 184 மைல் ஓட வைக்க, உருவத்தை மாற்றாமல் எஞ்சினை மட்டும் பலப்படுத்துவதென்றால், ஏறத்தாழ முப்பத்தேழு மடங்கு திறன், அதாவது 670 குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் வேண்டும். அந்தக் காலத்து இரட்டை சிலிண்டர் எஞ்சினுக்கு அது கனவிலும் ஆகாது. ஆகவே அவருக்கு இரண்டு வேலைகள் இருந்தன: எஞ்சினைத் தாங்கும் மட்டும் பலப்படுத்த வேண்டும், காற்றின் வழியிலிருந்து வண்டியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு மறைக்க வேண்டும். முதல் வேலைக்குத்தான் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி போயிற்று.

பக்கவாட்டு வால்வு எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் கீழேயிருந்து மேல்நோக்கி நிற்கும். செய்ய எளிது, மலிவு, எளிதில் பழுதாகாது. ஆனால் உள்ளே வரும் காற்றும் பெட்ரோல் ஆவியும் மேலே ஏறி, வளைந்து, பிறகு சிலிண்டருக்குள் இறங்க வேண்டியிருப்பதால் மூச்சுத் திணறும். எரியும் அறையும் அகலமாகப் பரந்திருப்பதால் அழுத்த விகிதத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. மன்ரோ தாமே தலைப்பகுதியைச் செய்து வால்வுகளை மேலே கொண்டுபோனார். சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு சிலிண்டர் தலை, வால்வு, வழிகாட்டி, தள்ளுகம்பி, ராக்கர் என எல்லாமே புதிதாக வேண்டும், இவை எதுவும் எந்தக் கடையிலும் கிடைக்காது. வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கேம்களின் வளைவைக் கையால் அரத்தால் அராவி வரவழைத்தார். வால்வு எப்போது திறந்து எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் தீர்மானிப்பவர்கள் உண்டு. இவர் அராவி, பூட்டி, ஓட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி அராவித் தீர்மானித்தார்.

பிஸ்டன்களையும் அவரே வார்த்தார். பழைய தகர டப்பாக்கள்கூட அவருக்கு வார்ப்புச் சாமான்கள்தான். சிலிண்டர்களைப் பழைய வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்த் துண்டுகளிலிருந்து கடைந்தெடுத்தார். கேட்கும்போது இது ஏழையின் சிக்கனம்போலத் தோன்றும். அதற்குள் ஒரு தொழில்ஞானமும் இருக்கிறது. வார்ப்பிரும்பில் கிராஃபைட் இழைகள் இருப்பதால் பிஸ்டன் வளையம் அதன்மேல் வழுக்கி ஓடும், எண்ணெயையும் பிடித்துவைக்கும். வார்த்தவுடன் இரும்புக்குள் உள்ளிழுவிசைகள் தங்கியிருக்கும். அதை உடனே கடைந்தால் பிறகு சூட்டில் வடிவம் கோணும். பல ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த வார்ப்பு அமைதியடைந்திருக்கும். லேத் பட்டறை வைத்திருக்கும் பழைய கைகள் யாரைக் கேட்டாலும், கிடந்து பழகிய இரும்பே நல்ல இரும்பு என்பார்கள்.

பிஸ்டனை எஞ்சினின் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு கதை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தகுந்தது. பிஸ்டன் மேலே போய் நின்று கீழே திரும்பும் அந்த நொடியில் ராடு இழுபடுகிறது. எஞ்சின் சுழற்சி இரண்டு மடங்கானால் அந்த இழுவிசை நான்கு மடங்காகிறது. வேலைக்குப் போய்வரச் செய்த வண்டியின் ராடு இதைத் தாங்குமா? மன்ரோவின் எஞ்சின் வெடித்துச் சிதறிய தடவைகளுக்குக் கணக்கில்லை. ராடு முறிந்தால் அது தனியாகச் சாவதில்லை, எஞ்சின் உறையையும் பிஸ்டனையும் சிலிண்டரையும் கூட இழுத்துக்கொண்டுதான் போகும். கடைசியில் அவர் கேட்டர்பில்லர் டிராக்டரின் அச்சுத் தண்டு ஒன்றை எடுத்தார். பல டன் எடையை இழுக்கும்போது முறுக்கையும் ஓயாத அதிர்வையும் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட எஃகு அது. அதிலிருந்து கையாலேயே ராடுகளைச் செதுக்கி, சூடேற்றிக் குளிரவைத்து டெம்பர் பிடித்தார். கைவேலையில் அத்தகைய எஃகை அந்த வடிவத்துக்குக் கொண்டுவர எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கேதான் என் எண்ணத்தைச் சொல்ல வேண்டும்: அவரிடம் இருந்தது மேதைமை என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அவரிடம் இருந்த நேரமும், அந்த நேரத்தை வேறு எதற்கும் கொடுக்க மறுத்த பிடிவாதமும்தான். பணமுள்ள அணி ஒரு ராடு உடைந்தால் அடுத்த வாரம் வேறொன்றை வரவழைக்கும். இவர் அடுத்த பருவத்துக்குத் தயாராவார்.

அளவுக்கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சக்கரக்கம்பி ஒன்றுதான், அதாவது பழைய ஸ்போக் ஒன்றுதான், அவருடைய மைக்ரோமீட்டர் என்பார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், அளவெடுப்பதில் இரண்டு வகை உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு பொருள் எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணாகச் சொல்வது ஒன்று. இந்தப் பொருள் அந்தத் துளைக்குச் சரியாக உட்காருமா என்று ஒப்பிட்டுச் சொல்வது மற்றொன்று. தொழிற்சாலைக்கு முதலாவது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஓரூரில் செய்த பிஸ்டன் வேறூரில் செய்த சிலிண்டருக்குள் போக வேண்டும். ஒரே கொட்டகையில் ஒரே மனிதர், ஒரே எஞ்சினுக்காக இரண்டையும் செய்யும்போது இரண்டாவதே போதும். கை உணர்வுக்குப் பழகிய ஒரு கம்பி, விரல் நுனியில் அந்த இடைவெளியைச் சொல்லிவிடும்.

உடைந்த பாகங்களை அவர் தூக்கி எறியவில்லை. கொட்டகையில் ஓர் அலமாரி முழுக்க உருகிய பிஸ்டன்களும் முறிந்த ராடுகளும் வளைந்த வால்வுகளும் அடுக்கியிருந்தன. மேலே, வேகத் தெய்வத்துக்குக் காணிக்கை என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தார். பார்க்க வந்தவர்களுக்கு இது வேடிக்கை. ஆனால் அந்த அலமாரிதான் அவருடைய பாடநூலும் ஆய்வுக்கூடமும். உலோகம் எங்கே முறிந்தது, திடீரென முறிந்ததா அல்லது சிறு வெடிப்பாகத் தொடங்கி நாள்பட வளர்ந்து முறிந்ததா, பிஸ்டன் நடுவில் உருகியதா ஓரத்தில் உருகியதா என்பதைப் பார்த்தால் அடுத்ததை எங்கே தடிப்பாக்க வேண்டும், எங்கே மெலிதாக்கலாம், எரிபொருள் கலவை எங்கே தவறியது என்பதெல்லாம் தெரியும். பொறியியல் கல்லூரியில் பொருள்களின் களைப்பு என்று தனிப்பாடமே உண்டு. அந்தப் பெயரை அறியாமலேயே அந்தப் பாடத்தை அவர் அலமாரியின் முன்னால் நின்று படித்தார்.

ஊரும் அவருக்கு உதவியது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. இன்வர்கார்கிலுக்கு மேற்கே பத்துக் கிலோமீட்டர் போனால் ஒரேட்டி கடற்கரை. அலை இறங்கிய நேரத்தில் ஈரமணல் இறுகி, தார்ச்சாலைபோல் நெடுந்தூரத்துக்கு நேராகக் கிடக்கும். அங்கே இன்றும் வண்டிகளை இறக்கி ஓட்டலாம். கொட்டகையில் இரவு செய்ததை அடுத்த அலையிறக்கத்தில் ஓட்டிப் பார்க்கும் வசதி பெருநகரத்து மெக்கானிக்குக் கிடைக்காது. இன்னொன்று, நியூசிலாந்து அரசு 1938 இறுதியில் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று கொண்டுவந்தது. அதன் பிறகு அந்நாட்டில் வெளிநாட்டுப் பாகம் எதுவும் எளிதாகக் கிடைக்கவில்லை. இந்தியன் கம்பெனியே 1953 இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே வாங்கிப் பூட்டுவதைவிடச் செய்து பூட்டுவது என்பது மன்ரோ ஒருவருக்கு மட்டும் உரிய விசித்திரமன்று. அந்நாட்டுப் பண்ணைக்காரர்கள் எல்லாரிடமும் இருந்த பழக்கம். அதை அவர் எவரும் போகாத எல்லைக்குக் கொண்டுபோனார்.

கடற்கரையிலும் நெடுஞ்சாலையிலும் சாதனைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1938 இல் தென்தீவின் சாலைச் சாதனையில் தொடங்கி, நியூசிலாந்து அளவில் பல சாதனைகளை அவர் படைத்தார். 1940 இல் திறந்த சாலைச் சாதனையாக மணிக்கு 120.8 மைல், 1957 பிப்ரவரியில் ஒரேட்டி மணலில் 131.38 மைல். இந்தியனோடு நிற்காமல் 1936 ஆம் ஆண்டு வெலோசெட் மோட்டார்சைக்கிள் ஒன்றுக்கும் இதே வைத்தியம் நடந்துகொண்டிருந்தது, அந்த வண்டிக்கென்று தனி வரலாறே எழுதலாம்.

இந்த வாழ்க்கைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1927 இல் திருமணம் செய்துகொண்டார், நான்கு பிள்ளைகள். இரவு முழுக்கக் கொட்டகையில் இருக்கும் மனிதரோடு குடும்பம் நடத்துவது எப்படியிருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1940களின் பிற்பகுதியில் மணவாழ்க்கை முறிந்தது. அந்தக் காலத்திலேயே வேலையையும் விட்டுவிட்டு, இன்வர்கார்கிலில் ஒரு துண்டு நிலத்தில் கட்டிய கொட்டகைக்கே குடிபோனார். ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் லேத், நடுவே இரண்டு மோட்டார்சைக்கிள்கள். அவர் கதையைச் சொல்லும் சினிமாவில் பார்க்கும்போது இது விடுதலைபோல இனிக்கிறது. கொட்டகைக்கு வெளியே நின்ற குடும்பத்தாருக்கு அது அப்படி இருந்திருக்காது. இருந்தும் பின்னாளில் அவருடைய மகன் தகப்பனாரின் சாதனைக்குக் காவலாக நின்றார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மேற்கு எல்லையில், வெண்டோவர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது பான்வில் உப்புச் சமவெளி. வறண்டுபோன பழைய ஏரியின் அடித்தட்டு அது. மழைநீர் ஆண்டுதோறும் தேங்கி ஆவியாகி உப்பைத் தட்டையாக்கிவிட்டுப் போகும். ஆகஸ்டில் அங்கே வேக வாரம் நடக்கும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிவு. அதனால் எதிர்ப்பும் குறையும், எஞ்சினின் மூச்சும் குறையும். இன்வர்கார்கில் கடற்கரையில் சரிசெய்த கார்புரேட்டர் அங்கே அப்படியே ஒத்துவராது, மறுபடி சரிசெய்தாக வேண்டும். 1950களில் வெறும் பார்வையாளராக முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் மன்ரோ. அந்தக் காலத்தில்தான், 1957 இல், ஓர் அமெரிக்கப் பத்திரிகை அவருடைய பெயரின் எழுத்தை மாற்றி அச்சிட்டது. அவரும் அதையே வைத்துக்கொண்டார். அதுவரை அவர் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலில் பெர்ட்.

உப்பில் ஓட வெறும் எஞ்சின் போதாது, மேலே சொன்ன இரண்டாவது வேலைக்கு அப்போதுதான் முழுமையாக வந்தார். வண்டியை மூடும் கூட்டை முதலில் அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி உருவாக்கினார், பிறகு ஃபைபர்கிளாஸில் செய்தார். தண்ணீரில் தங்கமீன் நழுவிப் போகும் வடிவத்தைப் பார்த்து அந்தக் கூட்டின் உருவத்தை எடுத்தார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் செய்தி. ஓட்டுபவர் எஞ்சினுக்கு மேல் ஏறத்தாழப் படுத்துக்கொள்ள வேண்டும். வண்டியிலிருந்து தானாக இறங்க முடியாத அளவுக்கு இறுக்கமான கூடு அது. டயர்களின் பட்டையைக் கத்தியால் சீவி மொழுமொழுவென்றாக்கினார்; அதிவேகத்தில் சுழலும்போது கனமான ரப்பர் மையவிலக்கு விசையால் பிய்ந்து பறப்பதைத் தவிர்க்க அது ஒரு வழி. இன்றைய பந்தய விதிகளின்படி பார்த்தால் முதல் பார்வையிலேயே திருப்பி அனுப்பப்படும் டயர்கள்.

1962 இல் முதல் முறையாக வண்டியோடு போனார். வயது 63. எஞ்சின் 850 சிசியாக வளர்ந்திருந்தது. 883 சிசி வரையுள்ள வகையில் மணிக்கு 178.95 மைல், அதாவது 288 கிலோமீட்டர் என்று சாதனை. அதற்குப் பிறகு மீண்டும் மீண்டும் போனார். மொத்தம் ஒன்பது தடவை அங்கே ஓடினார். எல்லா ஆண்டும் நன்றாக அமையவில்லை: மழையில் உப்பு நனைந்து பந்தயமே நின்ற ஆண்டும் உண்டு, எஞ்சின் முறிந்த ஆண்டும் உண்டு. 1966 இல் 1000 சிசி வகையில் 168.07 மைல். 1967 ஆகஸ்டில், 68 வயதில், எஞ்சின் 950 சிசியாகியிருந்தபோது, அதே வகையில் 183.59 மைல், கிலோமீட்டரில் 295.453. அந்தப் பயணத்தில் தகுதிச் சுற்றாக ஒரு திசையில் மட்டும் ஓடியபோது 190.07 மைல் பதிவாயிற்று. திசை மாற்றி இரண்டு முறை ஓடிச் சராசரி எடுத்தால்தான் சாதனையாகக் கணக்கில் கொள்வார்கள். காற்றின் உதவி ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கம் இடைஞ்சலாகி இரண்டும் சரிக்குச் சரியாகட்டும் என்பதே இதன் நோக்கம். ஆகவே 190 என்பது சாதனைப் பட்டியலில் சேரவில்லை.

அந்த ஓட்டங்களில் ஒன்றைப் பற்றி அவரே சொன்னது இது. பாதைக்குப் பாதி தாண்டியதும் வண்டி ஆடத் தொடங்கியது. ஆட்டத்தை நிறுத்த வேகத்தைக் குறைக்க வேண்டும். பின்பிரேக்கை நம்பி எதுவும் செய்ய முடியாது. ஆகவே உடம்பைக் கூட்டுக்கு வெளியே நிமிர்த்திக் காற்றுக்கு எதிரே உட்கார்ந்தார், தன் மார்பையே பிரேக்காக்கினார். காற்று கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று, விழிகள் உள்ளே அழுந்தியதில் பார்வையே தெரியவில்லை. பாதையைக் காட்டும் கறுப்புக் கோட்டிலிருந்து விலகிப் போய், இரும்புக் கம்பம் ஒன்றைச் சில அங்குலத்தில் தவறவிட்டார். கடைசியில் வண்டியைச் சாய்த்துப் படுக்க வைத்தார். சில சிராய்ப்புகளோடு எழுந்தார். கூடு மூடிய வண்டி அதிவேகத்தில் ஏன் ஆடுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. பக்கவாட்டில் சற்றே திரும்பியதும் காற்று கூட்டின் எந்த இடத்தைத் தள்ளுகிறதோ, அந்த இடம் வண்டியின் எடைமையத்துக்கு முன்னால் இருந்தால், காற்று அந்தத் திருப்பத்தை அடக்குவதற்குப் பதிலாக மேலும் பெரிதாக்கும். அம்பின் வால்பக்கம் இறகு கட்டுவது இதற்காகத்தான். தங்கமீனின் உருவத்தை எடுத்தால் மட்டும் போதாது, அதன் வாலும் தன் வேலையைச் செய்ய வேண்டும். மீனுக்கு அது உயிரோடு அசைகிறது.

அமெரிக்காவில் அவருக்கு உதவியாக நின்றவர்கள் வண்டிகளின் உலகத்து ஆட்களே. 1948 இல் நீச்சல் உடையோடு வின்சென்ட் வண்டிமேல் படுத்து 150 மைல் தாண்டிய ரோலி ஃப்ரீயும், வின்சென்ட் வண்டியிலேயே ஓடிய மார்ட்டி டிக்கர்சனும் அவருடைய நண்பர்களானார்கள். ஒரு கிழவர் இவ்வளவு தூரம் இப்படியொரு வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து இரக்கப்பட்டார்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. எஞ்சினைத் திறந்து பார்த்தவர்களுக்கு அங்கே இரக்கத்துக்கு இடமே இருந்திருக்காது.

1977 இல் பக்கவாதம் வந்தது. பந்தயம் இனி இல்லை என்று தெரிந்ததும், இரண்டு வண்டிகளையும் ஊரிலேயே உள்ள ஒருவருக்கு விற்றார். அவை சவுத்லாந்தை விட்டுப் போகக் கூடாது என்று நினைத்தார். 1978 ஜனவரி 6 அன்று, 78 வயதில், இன்வர்கார்கிலிலேயே இறந்தார். வண்டிகள் இன்றும் அவ்வூரின் ஹேய்ஸ் வன்பொருள் கடையில், ஆணி, குழாய், வண்ணப்பூச்சு விற்கும் அடுக்குகளுக்கு நடுவே காட்சிக்கு இருக்கின்றன. அருங்காட்சியகத்தைவிட இது பொருத்தமான இடம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 2006 இல் அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கத்தின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டில் சவுத்லாந்து மோட்டார்சைக்கிள் சங்கம் அவர் பெயரில் தொடங்கிய பந்தயத் திருவிழாவில் இப்போதும் ஒரேட்டி மணலில் வண்டிகள் ஓடுகின்றன.

கடைசியாக, சொல்வதாகச் சொன்ன செய்தி. 2014 இல் மன்ரோவின் மகன் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1967 இன் சராசரிக் கணக்கில் பிழை இருப்பதைக் கண்டு அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கத்துக்கு எழுதினார். சங்கம் சரிபார்த்தது. வடக்கு நோக்கிய ஓட்டம் 184.710 மைல், தெற்கு நோக்கிய ஓட்டம் 183.463 மைல், இரண்டின் சராசரி 184.087. நாற்பத்தேழு ஆண்டுகளாகப் பட்டியலில் 183.586 என்றே இருந்து வந்தது. மன்ரோ இறந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய வேகம் அரை மைல் கூடிற்று.